மருந்து போட்டும் முடி கொட்டுதே: கடைக்கு வந்தவர்கள் கேட்ட கேள்விகள்

காரைக்குடியில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். தலைமுடிக்கு மருந்து வாங்கிப் போனவர்களில் பலர் ஆறாவது, ஏழாவது வாரத்தில் திரும்பி வருவார்கள். கையில் இரண்டாவது பாட்டில் பாதியில் நிற்கும். சிலர் கொட்டிய முடியைக் காகிதத்தில் சுருட்டிக் கொண்டுவந்து காட்டுவார்கள். தேவகோட்டையிலிருந்து வருபவரும் பள்ளத்தூரிலிருந்து வருபவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கல்லாவில் கூட்டம் நிற்கும்போது நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதிவைத்தேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். ‘மருந்து’ என்று சும்மா சொன்னால் தலையில் தடவும் மினாக்ஸிடில் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

“முடி கொட்டுதுன்னு தானே மருந்து வாங்குனேன். போட ஆரம்பிச்சதும் முன்னைவிட அதிகமாக் கொட்டுதே, எனக்கு ஒத்துக்கலையா?”

ஒத்துக்கொள்ளாமல் போனதன் அறிகுறி அல்ல இது. பெரும்பாலும் மருந்து வேலையைத் தொடங்கிவிட்டது என்றுதான் பொருள். ஒவ்வொரு முடிக்கும் ஒரு சுற்று உண்டு. 2 முதல் 6 வருடம் வளரும், இரண்டு மூன்று வாரம் சுருங்கும், பிறகு மூன்று மாதம்போல ஓய்வில் இருந்துவிட்டு விழும். அந்த இடத்திலேயே புது முடி கிளம்பும். ஓய்வில் இருக்கும் முடிக்கு வேர்ப்பிடிப்பு கிடையாது, சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மினாக்ஸிடில் இந்த ஓய்வுக் காலத்தைக் குறைக்கிறது. அடுத்த மூன்று மாதத்தில் ஒவ்வொன்றாக விழ வேண்டிய முடிகள் சில வாரங்களுக்குள் சேர்ந்து விழுகின்றன.

இந்த மருந்து முதலில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்வதைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-இல் அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து இந்த ஆரம்பக் கொட்டல் தெரிந்த விஷயம்தான். விற்கிறவர்கள் முன்கூட்டியே சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம். முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் பயப்படவே மாட்டார்கள்.

“எத்தனை நாளைக்கு இப்படிக் கொட்டும்?”

வழக்கமாக இரண்டாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் நடுவே தொடங்கும். மூன்று மாதம் ஆவதற்குள் அடங்கிவிடும். குட்டி முடி கண்ணுக்குத் தெரிய நாலு மாதம், மாற்றத்தை மதிப்பிட ஆறு மாதம் ஆகும். முடி மாதத்துக்கு 1 செ.மீ. அளவுக்குத்தான் வளரும், அதை அவசரப்படுத்த வழியில்லை.

என்னிடம் வாங்குபவர்களுக்கு நானே பாட்டிலில் பேனாவால் தேதி போட்டுத் தருகிறேன். 60 மில்லி பாட்டில், வேளைக்கு 1 மில்லி, நாளைக்கு இரண்டு வேளை என்றால் 30 நாளில் தீரும். மூன்றாவது பாட்டில் தீரும்வரை தலையைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். பாட்டிலில் உள்ள தேதியைப் பாருங்கள்.

“ஒரு நாளைக்கு எத்தனை கொட்டுனா பயப்படணும்? வளவுல பெருக்குனா கை நெறைய முடி வருது.”

தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடி இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு எப்போதும் ஓய்வில் இருக்கும். அந்தப் பத்தாயிரமும் நூறு நாளில் விழுவதாகக் கணக்குப் போட்டால் நாளைக்கு 100. அதனால்தான் 50 முதல் 100 வரை சாதாரணம் என்கிறார்கள். நீள முடி உள்ளவர்களுக்கு அதே நூறு முடி பெரிய பந்தாகத் தெரியும்.

வீட்டுத் தரையும் ஏமாற்றும். ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாட்டில் கிடக்கும் முடி கண்ணில் படாது, வெள்ளைக் கல் போட்ட புது வீட்டுக்குப் போனதும் “இந்த வீட்டுக்கு வந்த நேரம் முடி கொட்டுது” என்பார்கள். நாலு நாள் தலை குளிக்காமல் ஐந்தாம் நாள் குளித்தால் நாலு நாள் முடியும் சேர்ந்து வரும். தினமும் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், எண்ணுவதே ஒரு வியாதியாகிவிடும். மாதம் ஒருமுறை, ஒரே ஜன்னல் பக்கம், ஒரே வகிடு எடுத்து, உலர்ந்த தலையைப் படம் எடுத்துவையுங்கள்.

“எனக்குக் கொட்டவே இல்லையே. அப்ப மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தமா?”

இல்லை. ஆரம்பத்தில் கொட்டாமலே நல்ல பலன் பெற்றவர்கள் உண்டு. ஆறாவது மாதப் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒருவருக்குக் கேட்டு ஒருவருக்குக் கேட்காமல் போவதற்கும் காரணம் உண்டு: மயிர்க்காலில் இருக்கும் ஒரு நொதிதான் இந்த மருந்தை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த நொதி எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை.

“கொட்டுறது நிக்கிற வரைக்கும் மருந்தை நிப்பாட்டி வைக்கட்டுமா?”

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விழ வேண்டிய பழைய முடி விழுந்தாகிவிட்டது. புது முடி கிளம்பும் நேரத்தில் மருந்தை நிறுத்தினால் இழப்பு மட்டும் மிச்சம். இரண்டு மாதம் கழித்து மறுபடி தொடங்கினால் அந்தக் கொட்டலை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டிவரும். வருடத்துக்கு மூன்று முறை தொடங்கி மூன்று முறை நிறுத்தி, “இந்த மருந்தால்தான் என் முடியே போச்சு” என்று சொன்ன ஒரு தம்பியை எனக்குத் தெரியும். அவர் ஒரு முறைகூட நாலாவது மாதத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வேளை மறந்துவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த வேளை இரட்டிப்பாகப் போட வேண்டாம். ஆனால் நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், கால் முகம் வீங்குவது, தலையில் கொப்புளம், தாங்க முடியாத அரிப்பு இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். லேசான அரிப்பும் செதிலும் மருந்தைக் கரைக்கும் திரவத்தால் வரக்கூடும். அப்படி வருபவர்களுக்கு இதே மருந்தின் நுரை வடிவம் ஒத்துக்கொள்ளலாம்.

“ஒரு வருஷமா நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப மறுபடியும் கொட்டுது. மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சா?”

அதிகம் பேரை உடைத்துப்போடும் கேள்வி இதுதான். ஆரம்பக் கொட்டலைப் பல்லைக் கடித்துத் தாண்டி, ஒரு வருடம் நிம்மதியாக இருந்துவிட்டு, திடீரென்று ஒருநாள் சீப்பில் கொத்தாக வந்தால் மனசு விட்டுப்போகும். “எல்லாம் வீண்” என்று பாட்டிலைத் தூக்கிப் போடுகிறவர்களும் இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலான நேரம் மருந்து பழகிப்போவதில்லை. வேறொன்று நடந்திருக்கும். அதைத் தேட வேண்டும். தேட வேண்டிய இடம் இன்றோ நேற்றோ இல்லை, இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பு. உடம்புக்கு ஒரு பெரிய அடி விழுந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகள் ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். நான் முதல் பதிலில் சொன்ன மூன்று மாத ஓய்வு முடிந்ததும் அவ்வளவும் சேர்ந்து விழும். அதற்குள் அந்த அடியை நாமே மறந்திருப்போம்.

நான் கேட்கும் கேள்விகள்: மூன்று மாதத்துக்கு முன் டெங்கு, டைஃபாய்டு மாதிரிக் கடும் காய்ச்சல் வந்ததா? பிரசவம், அறுவை சிகிச்சை ஏதாவது? சாப்பாட்டைக் குறைத்து வேகமாக எடை இறக்கினீர்களா? வீட்டில் துக்கமா? வலிப்புக்கோ, தைராய்டுக்கோ, ரத்தம் உறையாமல் இருக்கவோ, முகப்பருவுக்கோ புது மாத்திரை தொடங்கினீர்களா? கருத்தடை மாத்திரையை நிறுத்தினீர்களா? மாதவிடாயில் அதிகம் போகிறதா? பத்துப் பேரைக் கேட்டால் பாதிக்கு மேல் ஏதாவது ஒன்றுக்கு “ஆமா” என்பார்கள். ஒன்றுமே இல்லை என்றால் மருந்தைப் பார்க்க வேண்டும். 5 சதவீத மருந்திலிருந்து வீரியம் குறைந்த 2 சதவீத மருந்துக்கு மாறினீர்களா, வேளை தவறுகிறதா, ஈரத் தலையில் போட்டு உடனே துடைத்துவிடுகிறீர்களா?

“அப்ப காய்ச்சலால கொட்டுன முடி திரும்பி வருமா?”

வரும். எனக்கே டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, வேலைக்குத் திரும்பி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த மூன்றாவது மாதம் பின்னல் பாதியானது. இத்தனை பேருக்குச் சொன்ன எனக்கே அன்றைக்குக் கை நடுங்கியது. எங்கள் அப்பத்தாதான் “காய்ச்சல் கண்ட தலை கொட்டித்தான் முளைக்கும்” என்றார். மூன்று நாலு மாதத்தில் கொட்டல் நின்றது, நெற்றியோரம் குட்டி முடி நின்றது. பழைய பின்னல் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இந்த வகையில் மயிர்க்கால் சாவதில்லை, காரணம் விலகினால் முடி திரும்பும். ஏற்கெனவே பரம்பரை வழுக்கைக்கு மருந்து போடுகிறவர்கள் அதை நிறுத்தாமல் தொடர வேண்டும். இரண்டும் ஒரே தலையில் நடக்கலாம். ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் ரத்த அணுக்கள், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் மருத்துவர் சொல்லிப் பார்த்துவிடுங்கள். நம் பக்கத்துப் பெண்கள் பலருக்கு ரத்தசோகை இருப்பதே தெரியாது. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் இரும்பு மிகவும் குறைந்தவர்களுக்குக் கீரை மட்டும் போதாது.

“மழைக் காலத்துல எல்லாருக்கும் கொட்டும்னு சொல்றாகளே?”

குளிர் நாடுகளில் அளந்து பார்த்ததில் கோடை முடியும் சமயத்தில் ஓய்வு முடிகள் கூடுவது தெரிந்திருக்கிறது. அதை அப்படியே நம் சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நான் ஒட்டவைக்க மாட்டேன். பருவத்தால் கொட்டுவது ஒன்றிரண்டு மாதத்தில் தானே அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மேலே உள்ள கேள்விப் பட்டியலுக்குத் திரும்புங்கள்.

“போர்த் தண்ணிதான் காரணம்னு எங்க ஆத்தா சொல்றாக. நெசமா?”

எங்கள் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசி கண்டவர்களுக்குப் போர்த் தண்ணீர் மேல் கோபம் வருவது நியாயம். உப்புத் தண்ணீர் முடியை வறட்டும், சொரசொரப்பாக்கும், நடுவில் ஒடிக்கும். வேரோடு விழச் செய்யும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. விழுந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு நுனியில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளை முண்டு இருந்தால் ஓய்வு முடிந்து வேரோடு விழுந்தது. முண்டு இல்லாமல், நீளம் பாதியாக இருந்தால் ஒடிந்தது. ஒடிவதற்குத் தண்ணீர், இறுக்கிய கொண்டை, சாயம், ஈரத்தில் சீவுவது எல்லாம் காரணமாகலாம்.

வெள்ளை முண்டைப் பார்த்து “வேரே பிடுங்கிக்கிட்டு வந்துருச்சு” என்று அழுதவர்கள் உண்டு. அது வேர் இல்லை. மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது.

“சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கலாமா, மருந்து போடுறப்ப?”

குளிக்கலாம். எண்ணெய்த் தலையில் மருந்து போடாதீர்கள், தோலுக்குள் இறங்காது. குளித்து நன்றாக உலர்ந்த பிறகு போடுங்கள், நாலு மணி நேரமாவது தலையை நனைக்காமல் இருங்கள். எண்ணெய் தேய்க்கும் அன்று முடி அதிகம் வருவது, விழத் தயாராக இருந்ததை விரல் இழுத்துக்கொண்டு வருவதால்தான்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் திரவத்தில் ஆல்கஹால் உண்டு, எளிதில் தீப்பிடிக்கும். போட்ட கையோடு விளக்கேற்றவோ அடுப்படிக்கோ போகாதீர்கள், காயட்டும். வீட்டில் பூனை வளர்த்தால் மருந்து போட்ட தலையையோ தலையணையையோ அது நக்கவிடாதீர்கள். பூனைக்கு இது விஷம்.

“பழனிக்கு நடந்து போயி மொட்டை போட்டுட்டு வந்தேன். பத்து நாளா மருந்தும் போடலை. இனி அடர்த்தியா வளருமா, இல்ல கொட்டிருமா?”

தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடி வழியாக நடந்து போகிற ஊர் நாம், அதனால் மாசி மாதத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மொட்டை வேண்டுதலுக்காக. மயிர்க்காலுக்கு அது தெரியாது. கத்தி தோலுக்கு மேலே இருப்பதை மட்டும்தான் எடுக்கிறது. வெட்டுப்பட்ட நுனி தடிமனாக இருப்பதால் புது முடி முரட்டுத்தனமாகத் தெரியும், எண்ணிக்கை கூடாது, குறையாது.

கத்திக் கீறல் ஆறும்வரை மருந்து போடாதீர்கள், கீறல் வழியாக ரத்தத்தில் அதிகம் ஏறும். ஆறியதும் வழக்கம்போலத் தொடருங்கள். பத்து நாள் இடைவெளியால் பெரிய நட்டம் இல்லை. இரண்டு மூன்று மாதம் விட்டவர்களுக்குத்தான் மேலே சொன்ன ‘முதலிலிருந்து’ கதை.

“கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கு. பொண்ணுக்கு இப்ப ஆரம்பிக்கலாமா?”

கணக்குப் பாருங்கள். இன்று தொடங்கினால் கொட்டல் உச்சத்தில் இருப்பது சரியாக மாலை மாற்றும் வாரத்தில். வேண்டாம் ஆச்சி, கல்யாணம் முடியட்டும். ஆறேழு மாதம் இருந்தால் இன்றே தொடங்கலாம். ஆனால் கர்ப்பமாக இருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் இதைப் போடக் கூடாது. அதனால் கல்யாணப் பெண் விஷயத்தில் தோல் மருத்துவரிடம் இதையும் சேர்த்துப் பேசிவிட்டுத் தொடங்குவதுதான் நல்லது.

“அண்ணன் சிங்கப்பூர்ல இருந்து வழுக்கைக்குன்னு ஃபினாஸ்டரைடு மாத்திரை அனுப்பியிருக்கு. நானும் என் தங்கச்சியும் சாப்பிடலாமா?”

தங்கச்சி சாப்பிடக் கூடாது. கர்ப்பமாகும் வாய்ப்புள்ள பெண்களுக்கு இந்த மாத்திரை ஆகாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால்கூடத் தொடக் கூடாது.

ஆண்களுக்கு 1 மி.கி. மாத்திரை 1997-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. வழுக்கையை உண்டாக்கும் டிஹெச்டி ஹார்மோனை ரத்தத்தில் பாதிக்கு மேல் குறைக்கிறது. இதிலும் முதல் மாதங்களில் சிலருக்குக் கொட்டல் கூடலாம். தாம்பத்திய ஆசை குறைதல், விறைப்புக் குறைவு, மனச்சோர்வு சிலருக்கு வருகிறது. வந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிராஸ்டேட்டுக்காக எடுக்கும் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனையின் அளவையும் இது பாதியாகக் குறைத்துக் காட்டும். அப்பச்சி சாப்பிடுகிறார் என்றால் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ரத்ததானம் கொடுக்கும்போதும் அப்படியே. அண்ணன் அன்பாக அனுப்பினாலும் மருத்துவர் சீட்டில்லாமல் தொடங்க வேண்டாம்.

“பயோட்டின் சேத்துச் சாப்பிட்டா கொட்டுறது நிக்குமா?”

பயோட்டின் ஒரு வைட்டமின், அதன் குறைபாடு அரிது. குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் முடி நிற்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனைகளைத் தப்பாகக் காட்டும், பரிசோதனைக்கு முன் சொல்லிவிடுங்கள். விற்றால் எனக்கு லாபம்தான், ஆனாலும் இதைத்தான் சொல்வேன்.

“மதுரையில போயி முடி நட்டுட்டு வந்தேன். மூணு வாரத்துல நட்டதெல்லாம் கொட்டுது. பணம் போச்சா?”

போகவில்லை. நட்ட முடி இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் விழுவது எதிர்பார்த்ததுதான். இடம் மாறிய அதிர்ச்சியில் முடி மட்டும் விழும், மயிர்க்கால் தங்கும். மூன்று நாலு மாதத்தில் முளைக்கத் தொடங்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம். பக்கத்தில் ஏற்கெனவே இருந்த முடியும் கொஞ்சம் விழலாம். சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் மட்டும் அன்றே நட்ட இடத்துக்குப் பேசுங்கள்.

“மருந்தால கொட்டுதா, வழுக்கையே முத்துதா, வேற நோயா? நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

விழும் முடியைப் பாருங்கள். நீளமாக, தடிமனாக, தலை முழுவதிலிருந்தும் விழுந்தால் ஆரம்பக் கொட்டலோ காய்ச்சல் கொட்டலோ ஆக இருக்கலாம். பூனை முடி மாதிரி மெல்லிசாக, குட்டையாக, உச்சியிலிருந்தும் நெற்றி ஓரங்களிலிருந்தும் விழுந்து, மாதப் படத்தில் வகிடு அகலமாகிக்கொண்டே வந்தால் வழுக்கை முன்னேறுகிறது. மருந்து போதவில்லை என்று அர்த்தம். அப்போது பாட்டிலை மாற்றுவதால் ஆகாது, சிகிச்சையையே மருத்துவர் திரும்பப் பார்க்க வேண்டும்.

காசு வட்டமாக வழவழவென்று ஒரு இடம் மட்டும் போனால் அது புழுவெட்டு. பல்லி எச்சம் பட்டது என்று வெங்காயம் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்காதீர்கள். புருவமும் சேர்ந்து கொட்டுவது, தலை எரிவது, சீழ் வைப்பது, தோல் தழும்பு போலப் பளபளப்பது, குழந்தைகளுக்குச் செதிலோடு முடி ஒடிவது இவையெல்லாம் காத்திருக்கக் கூடாதவை. தழும்பாகும் வகையில் மயிர்க்காலே அழிந்துபோகும், பிறகு எந்த மருந்தாலும் திரும்பாது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் தனியார் கட்டணத்துக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை.

“வாழ்நாள் பூராவும் போடணுமா? விட்டா என்ன ஆகும்?”

பரம்பரை வழுக்கைக்கு என்றால் போடும்வரைதான் பலன். விட்டால் மூன்று நாலு மாதத்தில், மருந்தால் நின்ற முடிகள் கொட்டத் தொடங்கும். மருந்தே போடாமல் இருந்திருந்தால் எந்த நிலைக்கு வந்திருப்பீர்களோ அங்கே வந்து நிற்கும், அதற்குக் கீழே தள்ளாது. பலர் இந்தக் கொட்டலைப் பார்த்துத்தான் “விட்டதும் இருந்ததும் போச்சு” என்கிறார்கள்.

விடுவது தப்பும் இல்லை. போதும் என்று முடிவெடுத்து மொட்டைத் தலையோடு சந்தோஷமாகக் கடைக்கு வந்து இருமல் மருந்து மட்டும் வாங்கிப் போகும் அண்ணன்மார் எனக்கு நிறைய உண்டு. ஆனால் கொட்டலைப் பார்த்த பயத்தில் ஏழாவது வாரத்தில் விடாதீர்கள். ஆறு மாதப் படத்தை முதல் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு விடுங்கள். படம் இல்லை என்றால் இன்றைக்கே ஒன்று எடுத்துவையுங்கள், கடைக்கு வரும்போது அதையும் கொண்டு வாருங்கள்.